பத்து வீட்டில் இருக்கட்டும் நம் பாட்டு
(பாம்பனில் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் ஹாஜியார் அவர்களே, கோயில் கமிட்டிப் பெரியவர்களே, விடியுமுன் கடலுக்குப் போக வேண்டியிருந்தும் இந்நேரம் வரை உட்கார்ந்திருக்கும் மீனவச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் அம்மா கீழக்கரையிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார். அவருக்குத் தனி நன்றி. மைக்செட் போட்ட தம்பிக்கும் நன்றி.

மூன்று விஷயம் பேச வந்தேன். பழைய பதிவுகளைக் காப்பது, புதுப் பாட்டுகளை நண்பர்களுக்குள் பகிர்ந்துகொள்வது, பாடியவருக்கு உள்ள உரிமை.

பத்துப் பேருக்குப் பல்குச்சி, ஒருத்தனுக்குத் தலைச்சுமை என்பார்கள். என் பேச்சே இந்தப் பழமொழிதான். நம் மாவட்டம் பாட்டுக்குப் பேர்போனது. கர்நாடக இசைப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குரு பூச்சி சீனிவாச ஐயங்கார் ராமநாதபுரம்காரர். நாகூர் ஹனிபா 1925இல் பிறந்ததும் ராமநாதபுரத்தில்தான். கச்சேரிப் பாடகர் ராம்நாட் கிருஷ்ணன் 1973இல் மறைந்தார். இன்றைக்கும் இளம் ரசிகர்கள் அவரைத் தேடிக் கேட்கிறார்கள் என்றால், கம்பெனி ரிக்கார்டு மட்டுமே காரணமில்லை. கச்சேரியில் பிடித்த டேப்பை ரசிகர்கள் நகல் எடுத்து ஒருவருக்கொருவர் கொடுத்தார்கள். சரி, கரைவலை இழுக்கும்போது அம்பா என்கிற வேலைப்பாட்டைப் பாடியவர்களைத் தேடி எந்தக் கம்பெனி வந்தது?

இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தங்கச்சிமடத்தில் கீபோர்டு வாசிக்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் தாத்தா டூ-இன்-ஒன்னை, அதாவது ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் சேர்ந்த பெட்டியை, கரைக்கே தூக்கிப் போய் அம்பாப் பாட்டைப் பதிந்து வைத்திருந்தார். சாதாரண 60 நிமிட கேசட். போட்டால் கேணிக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு முனகல்தான். நண்பர் விடவில்லை. ஐந்து ஸ்குரூவையும் கழற்றிப் பார்த்தார். நாடாவை, ஒலியைப் படிக்கிற ஹெட்டோடு அமுக்கிப் பிடிக்கும் சின்னப் பஞ்சு உப்புக்காற்றில் உதிர்ந்து போயிருந்தது. வேறொரு நல்ல கேசட்டின் கூட்டை எடுத்து, இரண்டு சுருளையும் அதில் மாற்றி, விரல் படாமல் நாடாவைக் கோத்து மூடினார். ஓடியது! அலைச் சத்தம், நாய் குரைப்பு, அப்புறம் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க இருபது முப்பது தொண்டை ஏலேலோ என்று வாங்குகிறது.

அந்த அடி எடுத்தவரின் மனைவி இன்னும் இருக்கிறார். கூட்டிவந்து கேட்க வைத்தோம். அழுவார் என்று நினைத்து எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அந்த ஆச்சி என்ன சொன்னார் தெரியுமா? "நிப்பாட்டு! இந்த அடிய எப்பவும் முழுங்கிப்புட்டுத்தான் பாடுவாரு. முழுசா நான் சொல்றேன், எழுதிக்க." சொன்னதோடு நிற்கவில்லை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாடவே தொடங்கிவிட்டார். நண்பர் போனைக் கையில் எடுப்பதற்குள் இரண்டு அடி போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து பாட வைத்தோம். பழைய கேசட் ஒன்று புதுப் பதிவு ஒன்றைக் கொடுத்துவிட்டது. தம்பிமார் இப்போது அந்தத் தாளத்தின் மேல் தங்கள் பாட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். படகு கரையில் நிற்கும்போது இந்தப் பிள்ளைகள் பாட்டுக் கட்டுகிறார்கள். பாராட்ட வேண்டாமா?

ஆனால் பகிர்கிற முறை எனக்குக் கவலை தருகிறது. ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதை வாய்ஸ் நோட்டாகப் பிடித்து அனுப்புகிறார்கள். கை மாற மாறப் பாட்டு தேய்கிறது. 60 நிமிட கேசட்டைக் கம்ப்யூட்டரில் நல்ல தரத்தில், அதாவது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஏற்றினால் ஒரு ஜிபிக்குச் சற்று மேல் ஆகும். ஒரு பென்டிரைவில் எத்தனையோ கேசட் அடங்கும். தாய்ப்பதிவை அப்படி வைத்துக்கொண்டு, கேட்பதற்கு எம்பி3 அனுப்புங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருடம் என்பதையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போயிற்று. அங்கே பாடிய குரல்களில் எத்தனை நம் காதுக்கு வந்து சேர்ந்தன? ஒரே ஊரில், ஒரே வீட்டில், ஒரே பெட்டியில் வைத்தால் இதுதான் கதி. பத்துப் பேருக்குப் பல்குச்சி என்று அதனால்தான் திரும்பச் சொல்கிறேன்.

ஊராட்சித் தலைவர் அவர்களே, மேடையிலேயே கேட்டுவிடுகிறேன். நூலகத்தின் பின்கட்டு அறையில் உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன. அதைப் பாட்டு அறையாக்கித் தாருங்கள். ஒழுகாத கூரை, இரண்டு பிளக் பாயின்ட், பூட்டு, இவ்வளவு போதும். கேசட் டெக்கையும் ஹார்டு டிஸ்க்கையும் நாங்கள் வசூல் செய்து வாங்குகிறோம். பங்குத்தந்தையும் ஹாஜியாரும் கோயில் கமிட்டியும் ஆளுக்கொரு நகலைத் தங்கள் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடல் ஓசை 90.4 வானொலி நம் பாம்பனிலேயே ஒலிக்கிறது. பாட்டில் பாடியவருக்கு உரிமை உண்டு, அதனால் அவர் வீட்டில் சம்மதம் வாங்கி அங்கேயும் கொடுக்கலாம்.

கேசட் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குக் கொண்டு வாருங்கள். வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டாம். நாடா ஒட்டியிருந்தால் அறுந்துவிடும். உறையில் பேனாவால் எழுதியிருப்பதையும் துடைத்துவிடாதீர்கள்.