கூட்டம் போட்டால் ஏன் யாரும் வருவதில்லை?

அடுத்த கேள்வி வியாசர்பாடியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. "எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீரில் சாக்கடை நாற்றம். பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றி வயிற்றுப்போக்கு. கூட்டம் போட்டால் நாலு பேர்தான் வருகிறார்கள். மக்களை எதுதான் சார் ஒன்று சேர்க்கும்?"

விழிப்புணர்வு போதவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம்மா. தண்ணீர் நாறுவதைத் தெரிந்துகொள்ள விழிப்புணர்வு எதற்கு, மூக்கு போதுமே. யார் வரவில்லை என்று பாருங்கள். பெரும்பாலும் கேன் தண்ணீர் வாங்க முடிந்தவர்கள். காசு கொடுத்துத் தப்பிக்க வழியிருந்தால் அந்த வழியில்தான் போவார்கள். மிஞ்சுவது காசில்லாதவர்கள். அவர்கள் போய்ச் சொன்னால் அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

எண்ணூரில் 2023 டிசம்பர் 26 இரவு, கடலுக்கடியில் போகும் ஒரு உர ஆலையின் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் தூக்கத்தில் எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாளே ஆலை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. காற்றைக் கேனில் வாங்க முடியாதே.

சரி, உங்கள் தெருவுக்கு வருவோம். தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. பக்கத்தில் கசியும் சாக்கடை, விரிசல் வழியாக உள்ளே புகுந்துவிடும். குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் மோசம். (இதைச் சொன்னால் பாதித் தெரு என்னோடு சண்டைக்கு வரும், தெரியும்.)

கேன் வாங்கும் வீட்டிலும் பல் தேய்ப்பது, பாத்திரம் கழுவுவது குழாய்த் தண்ணீரில்தானே? அதைக் கண்ணால் பார்க்க வையுங்கள். மலக்கிருமி இருக்க வாய்ப்பிருந்தால் ஓரிரு நாளில் கறுத்துவிடும் சோதனைக் குப்பி விற்கிறது, விலையும் அதிகமில்லை. மாடி வீடு, ஓட்டு வீடு என்று கலந்து சில வீட்டுத் தண்ணீரைப் பிடித்து, வரிசையாக வைத்துக் காட்டுங்கள். 'என் பிள்ளைக்கு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை' என்று நினைத்திருந்த அம்மாவுக்கு, கோளாறு தெருவின் குழாயில் என்று அப்போதுதான் புரியும்.

அப்புறம், ஞாயிறு பதினொரு மணிக்குக் கூட்டம் வேண்டாம். பெண்கள் அப்போது அடுப்படியில் இருப்பார்கள். லாரித் தண்ணீர் பிடிக்க வரும் நேரத்தில் அங்கேயே பேசுங்கள். 'நல்ல தண்ணீர் வேண்டும்' என்று பொதுவாகக் கேட்காமல், இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை குழாயை மாற்றுங்கள் என்று எழுதுங்கள். குடிநீர் வாரிய டெப்போவில் ஒன்று, வார்டு ஏரியா சபையில், அதாவது உங்கள் பகுதி மக்கள் கூடிக் குறை சொல்லும் கூட்டத்தில், ஒன்று. நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். அதுவரை பிள்ளைகளுக்குக் கொதிக்க வைத்த தண்ணீர்தான்.