மாடு நன்றாக இருக்கிறது, பால் ஏன் உப்புக் கரிக்கிறது?

அடுத்த கேள்வி பொகவந்தலாவையிலிருந்து ஒரு அக்கா அனுப்பியது. "மாடு நன்றாகத் தின்கிறது, மடியிலும் வீக்கம் இல்லை. ஆனால் இரண்டு வாரமாகப் பால் லேசாக உப்புக் கரிக்கிறது. பால் வாங்குகிறவர்கள் நான் தண்ணீர் கலந்திருக்கிறேன் என்று சொல்லிப் பாலைத் திருப்பிவிட்டார்கள். ஒரு சொட்டும் கலக்கவில்லை. கன்றுக்கு நாலு மாதம்" என்கிறார்.

அக்கா, நான் உங்களை நம்புகிறேன். எங்கள் வீட்டிலும் இதே பழி வந்தது. விடியுமுன் கறந்து, தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு அம்மா தூக்கிக்கொண்டு போன பாலை எல்லார் முன்னாலும் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. சில நாள் கழித்துத்தான் ஒரு காம்பிலிருந்து திரிதிரியாக வந்தது.

இது வெளியே தெரியாத மடிநோய் போலத்தான் இருக்கிறது. காம்பு வழியாகக் கிருமி ஏறி மடியின் உள்பக்கம் புண்ணானால், பால்சர்க்கரை சுரப்பது குறைந்துவிடும். அந்த இடத்துக்கு இரத்தத்திலிருந்து உப்பு கசிந்து வரும். கரிப்பு அதனால்தான். திடப்பொருள் குறைவதால் பரிசோதனையில் தண்ணீர் கலந்த பால் போலவும் தெரியலாம். அந்தப் பாலில் தயிர் போட்டாலும் கெட்டியாக நிற்காது. பால் வற்றுகிற கடைசி மாதங்களில் நல்ல மாட்டின் பாலும் கொஞ்சம் கரிக்கும்தான், ஆனால் உங்கள் கன்றுக்கு நாலு மாதம்தானே.

சரி, நாளைக் காலையில் இதைச் செய்து பாருங்கள். அரை லீற்றர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சவர்க்காரத் தூள் கரைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான நாலு சிரட்டை எடுத்து, காம்புக்கு ஒரு சிரட்டையாகக் கொஞ்சம் பால் பீய்ச்சுங்கள். ஒன்றாக ஊற்றிவிடாதீர்கள், அப்புறம் எந்தக் காம்பு என்றே தெரியாது. ஒவ்வொன்றிலும் பால் அளவுக்கே கரைசலை விட்டு மெல்லச் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோய்ப்பட்ட காம்பின் பால் கஞ்சி மாதிரித் திரளும். கிருமியை எதிர்க்க மடியில் குவிந்த வெள்ளை அணுக்கள் உடைவதால்தான் அப்படி. நல்ல பாலில் ஒரு மில்லிலீற்றருக்கு அவை பொதுவாக 2 இலட்சத்துக்குள் இருக்கும், நோய் வந்தால் பல மடங்கு ஏறும். பார்த்து முடிந்ததும் சிரட்டைப் பாலைத் தூரக் கொட்டிவிடுங்கள்.

திரண்ட காம்பைக் கடைசியில் கறந்து, அந்தப் பாலைத் தனியாக வையுங்கள், நல்ல பாலோடு சேர்க்க வேண்டாம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். தயவுசெய்து நீங்களாக மருந்து வாங்கி ஏற்றாதீர்கள். ஒரு காம்பில் ஏற்றினாலும் அவர் சொல்லும் நாள் முடியும்வரை நாலு காம்புப் பாலும் விற்கக் கூடாது. பெனிசிலின் மாதிரியான அந்த மருந்து பாலில் இறங்கும், தயிர் உறையாது. அது ஒத்துக்கொள்ளாத ஒரு பிள்ளை அந்தப் பாலைக் குடித்தால் ஆபத்து.

இப்போது மழை வேறு. கொட்டில் தரை சேறாக இருந்தால் எந்த மருந்தும் நிலைக்காது. கறந்த பிறகு காம்புத் துவாரம் அரை மணி நேரமாவது திறந்திருக்கும், மாடு அந்த நேரத்தில் சாணியில் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். அதனால் புல்லைக் கறந்து முடித்ததும் போடுங்கள், நின்றுகொண்டே தின்னட்டும்.