இரண்டாவது காணிக்கைக் கூடை எங்கே போகிறது?

[காட்சி: நவம்பர் ஞாயிறு. அமெரிக்காவில் ஒரு சிறிய பங்குக் கோவில்.]

வழக்கமான காணிக்கை எடுத்து முடித்தாயிற்று. உடனே இன்னொரு கூடை வரிசை வரிசையாக வருகிறது. அமெரிக்காவில் பூசைக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய வாரக் கடைசியில் பல மறைமாவட்டங்களில் (ஒவ்வொன்றும் ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின் பொறுப்பில் உள்ள பகுதி) இது சுற்றும். 'மனித முன்னேற்றத்துக்கான கத்தோலிக்க இயக்கம்' என்று பெயர். அமெரிக்க ஆயர்கள் 1969-இல் முடிவெடுத்து, 1970 நவம்பரில் முதன்முதலாக எடுத்த காணிக்கை.

[காட்சி: ஒரு டாலர் நான்கு பங்காகப் பிரிகிறது.]

ஒரு டாலர் போட்டால் 25 சென்ட் அந்த மறைமாவட்டத்திலேயே தங்கும். உள்ளூர்க் குழுக்களுக்கு அதிலிருந்து கொடுப்பார்கள். மிச்சம் தேசிய நிதிக்குப் போய், நாடு முழுக்க மானியமாகப் பிரியும்.

இந்தப் பணத்தில் அரிசியோ போர்வையோ வாங்க மாட்டார்கள். அந்த உதவியைச் செய்ய வின்சென்ட் தே பவுல் சபை போன்றவை இருக்கின்றன. நாள் முழுக்க உழைத்தவர் ஏன் மாலையில் இலவசச் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறார் என்று கேட்பவர்களுக்கு, அதிலும் அந்த வரிசையில் நிற்பவர்களே கூடி நடத்தும் அமைப்புகளுக்குத்தான் இந்த மானியம். அவர்கள் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பதில்லை. திருச்சபையின் போதனைக்கு எதிராகச் செயல்படக் கூடாது, அவ்வளவுதான்.

[காட்சி: தக்காளி வயல். வாளியைத் தோளில் சுமந்து லாரிக்கு ஓடும் தொழிலாளி.]

ப்ளோரிடாவில் இம்மொகாலி என்றொரு ஊர். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹெய்ட்டியிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் அங்கே தக்காளி பறிக்கிறார்கள். ஒரு வாளிக்கு 32 பவுண்டு, கூலி சுமார் 50 சென்ட் என்றிருந்தது. 50 டாலர் கையில் வர 100 வாளி, அதாவது கிட்டத்தட்ட 1,450 கிலோ பறிக்க வேண்டும்.

அதிலும் ஒரு வயிற்றெரிச்சல். நம்மூர்க் களத்தில் மரக்காலைத் தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்று சண்டை வருமே, அதேதான் அங்கும். வாளி விளிம்புக்கு மேல் குவித்தால்தான் கணக்கு என்பார்கள். மேலே குவிந்த தக்காளிக்குக் கூலி கிடையாது.

1993-இல் உள்ளூர் தேவாலயத்தில் ஒரு அறையை இரவல் வாங்கி, வாராவாரம் கூடிப் பேசத் தொடங்கினார்கள். 'இம்மொகாலி தொழிலாளர் கூட்டமைப்பு' அப்படித்தான் உருவானது. அதற்கு இந்தக் காணிக்கை நிதியும் கைகொடுத்தது. கூட்டமைப்பின் இளம் தலைவர் லூகாஸ் பெனிட்டஸுக்கு 1998-இல் இந்த இயக்கம் கர்தினால் பெர்னார்டின் விருதும் கொடுத்தது.

அவர்கள் கேட்டது பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதல். தோட்ட முதலாளியை விட்டுவிட்டு, தக்காளியை மொத்தமாக வாங்கும் பெரிய கம்பெனிகளிடம் போனார்கள். நான்கு வருடப் புறக்கணிப்புக்குப் பிறகு 2005-இல் டாகோ பெல் என்ற துரித உணவுக் கம்பெனி இறங்கி வந்தது. 2011-இல் ப்ளோரிடா தக்காளி வயல்களில் பெரும்பாலானவற்றுக்கு 'நியாய உணவுத் திட்டம்' வந்தது. நிழலுக்குப் பந்தல், குடிக்கத் தண்ணீர், பெண்களிடம் அத்துமீறினால் நடவடிக்கை. வாளியையும் குவிக்க வேண்டியதில்லை.

[காட்சி: மீண்டும் கோவில். பாதி நிறைந்த கூடை.]

எந்தெந்தக் குழுக்களுக்குப் பணம் போகிறது என்று கத்தோலிக்கருக்குள்ளேயே பல வருடமாக வாக்குவாதம் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். 2024-இல் ஆயர் பேரவை இந்த இயக்கத்தின் அலுவலகத்தைச் சுருக்கி, ஊழியர்களையும் குறைத்தது. எனக்கு அது மனதைப் பிசைந்த செய்தி.

நீங்கள் அங்கே இருந்தால், அந்த 25 சென்ட் உங்கள் ஊரில் யாருக்குப் போகிறது என்று மறைமாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.