மாட்டேன் என்ற மகன்

(சபையின் வாலிபர் ஞாயிறன்று மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பி தங்கைகளே, பின்வரிசையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் தோத்திரம்.

உங்கள் சங்கச் செயலாளர் போன வாரம் போன் செய்து, "ஐயா, 'நான் யார்?' என்பதுதான் தலைப்பு. விசுவாசத்தையும் கிரியையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நாற்பது நிமிடம்" என்றார். நான் கணக்கு வாத்தியார். நாற்பது நிமிடம் என்றால் எனக்கு ஒரு பீரியட். மணி அடித்தால் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன், பயப்படாதீர்கள்.

நம்மைப் பார்த்து யாராவது "நீங்கள் யார்?" என்று கேட்டால் என்ன சொல்கிறோம்? "நாங்கள் நாலாவது தலைமுறைக் கிறிஸ்தவர்கள், எங்கள் தாத்தா சபை மூப்பர், இந்தக் கோயில் மணி அவர் வாங்கிக் கொடுத்தது" என்கிறோம். ஞானஸ்நானம் வாங்கிய வருஷம், திடப்படுத்தல் எடுத்த வருஷம் எல்லாம் வரிசையாக வரும். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரன் பகுதியைப் பாருங்கள். 'இரட்சிக்கப்பட்ட மணமகன் தேவை' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு அடுத்த வரியில் சாதி, சில விளம்பரங்களில் உட்பிரிவோடு. முதல் வரியில் கூட்டியதை இரண்டாவது வரியில் கழித்துவிடுகிறோம். விடை என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் நமக்குப் பிறர் வைத்துவிட்டுப் போனது. இதில் நாம் செய்தது ஒன்றுமில்லை.

மத்தேயு 21ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு சின்னக் கதை சொல்கிறார். ஓர் அப்பாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவனிடம் போய், "மகனே, இன்றைக்குத் திராட்சத்தோட்டத்தில் வேலை செய்" என்கிறார். அவன் முகத்துக்கு நேரே "மாட்டேன்" என்கிறான். பிறகு மனஸ்தாபப்பட்டுப் போகிறான். இளையவன் "போகிறேன் ஐயா" என்கிறான். போகவில்லை. இருவரில் எவன் தகப்பன் சித்தத்தின்படி செய்தவன் என்று கேட்கிறார். அவ்வளவுதான் கதை.

நம் வீடுகளில் 'மாட்டேன்' என்ற பையனுக்கு முதுகில் ஒன்று விழும். 'போகிறேன் ஐயா' என்றவனுக்கு மரியாதை தெரிந்த பிள்ளை என்று பெயர். அந்த 'ஐயா' என்ற சொல்லைக் கவனியுங்கள். போகாதவன் வாயில்தான் அது இருக்கிறது!

மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் சிலரை எனக்குத் தெரியும். நேரில் அல்ல, வரலாற்றில். அவர்கள் இருந்ததும் நமக்குப் பக்கத்தில்தான். வேலூர்.

ஐடா ஸ்கடர் பிறந்தது 1870, ராணிப்பேட்டை. அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த மருத்துவ மிஷனரி. தாத்தாவின் பிள்ளைகள் பலரும் அதே ஊழியம், ஐடாவின் அப்பாவும் டாக்டர். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பெண்ணிடம் 'நீ யார்?' என்று கேட்கவே வேண்டாம், ஊர் முன்கூட்டியே சொல்லிவிடும். ஆனால் ஐடா மாட்டேன் என்றார். சிறுமியாக இருந்தபோது 1877ஆம் வருடத்துத் தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்தவர். பட்டினியில் துவண்டு கிடந்த பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிய்த்து வாயில் வைக்க வேண்டியிருந்தது, கையால் எடுத்துத் தின்னக்கூடத் தெம்பில்லை. அதைப் பார்த்த குழந்தைக்கு இந்த நாடே வேண்டாம் என்று தோன்றியதில் என்ன ஆச்சரியம்? அமெரிக்காவில் படித்தார். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு சௌகரியமாக வாழ்வது என்பது அவருடைய திட்டம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890இல் திண்டிவனத்துக்கு வந்ததுகூடக் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகத்தான்.

அப்புறம் அந்த ஓர் இரவு வருகிறது. ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டினார். மனைவி பிரசவத்தில் கிடந்து தவிக்கிறாள், நீங்கள் வரவேண்டும் என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆணை உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே கேள்வி, அதே பதில். பிறகு இன்னொரு இந்து. மறுநாள் காலையில் சாவுமேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தார்கள். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

இந்தக் கதையை நீங்கள் ஓய்வுநாள் பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். நானும் பலமுறை கேட்டேன், ஆனால் ஒரு விஷயம் வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. வந்த மூன்று பேரும் ஐடாவிடம் என்ன கேட்டார்கள்? நீ நாலாவது தலைமுறையா, எந்த மிஷன், எந்த வேதம் என்றா கேட்டார்கள்? அவர்கள் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான், 'நீ ஒரு பெண்.' படிப்பும் பேரும் அனுபவமும் இருந்த அப்பா அன்று உதவவில்லை. எதுவும் தெரியாத மகள்தான் தேவைப்பட்டாள். ஐடா அதுவரை தன்னைப் பற்றி ஆயிரம் நினைத்திருப்பார். அந்த இரவில் அவர் யார் என்று அவருக்குச் சொன்னது வாசலில் நின்ற மூன்று அந்நியர்கள்.

ஐடா மாட்டேன் என்று சொன்னதை விட்டுவிட்டு, மருத்துவம் படிக்க அமெரிக்காவுக்குத் திரும்பினார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் வாங்கினார். பெண்களும் சேர்ந்து பட்டம் பெற்ற முதல் வகுப்பு அது. 1900ஆம் ஆண்டு தொடக்கத்தில் வேலூர் வந்தார். கூட இருந்து தொழிலைக் கற்றுக்கொடுப்பார் என்று நம்பியிருந்த அப்பா சில மாதங்களில் இறந்துபோனார். தனியாக ஒரு சின்ன அறையில் ஆரம்பித்து, இரண்டே வருடத்தில் சுமார் 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்தார். மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இல் வந்தது, நாற்பது படுக்கைகளோடு. பிறகு குடியாத்தம் சாலையில் மரத்தடி வைத்தியம். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே பெரிய விஷயம் என்று அதிகாரி சொன்னாராம், வந்த விண்ணப்பங்கள் 151. மிச்சம் என்ன ஆயிற்று என்று தெரிய சி.எம்.சி.க்கு, அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் ஓ.பி. வரிசையில் நின்று பாருங்கள். நான் நின்றிருக்கிறேன், நல்ல நீளமான வரிசை.

இரண்டாவது ஆள் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின், இருவரும் மலைமக்கள் நடுவே ஊழியம் செய்தவர்கள். சீழும் ரத்தமுமாக அப்பா புண்களுக்குக் கட்டுப்போடுவதைப் பார்த்த பையன், டாக்டர் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டான். படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தபோது 1929இல் அப்பா காய்ச்சலில் இறந்த செய்தி வருகிறது. தந்தி சீக்கிரம் வந்துவிட்டது. அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்கள் கப்பலில் மெதுவாக, ஒவ்வொன்றாக, அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. அந்தப் பிள்ளை அவற்றை எப்படிப் பிரித்துப் படித்திருப்பான் என்று நான் யோசிப்பதுண்டு.

அப்பாவைப் போலவே கட்டட வேலை கற்றார். கொத்தனார் வேலை, தச்சு வேலை, சில வருடங்கள். அதன் பிறகுதான் மருத்துவத்துக்கு மனம் திரும்பியது. 1946இல் வேலூர் வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனவர், விரல்கள் உள்ளே மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் என் கையை அழுத்து என்றார். செத்துப்போன கை என்றுதானே எல்லோரும் நினைத்தது? பிராண்டுக்கு வலித்துவிட்டது, அவ்வளவு பலமான பிடி. அப்படியானால் சில தசைகள் நன்றாகவே இருக்கின்றன, அவற்றின் தசைநாணை, அதாவது தசையை எலும்போடு கட்டும் நாரை, எடுத்து வேலை செய்யாத இடத்தில் பொருத்தலாமே என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. கை சரியானவர்களுக்குத் தொழில் வேண்டும் அல்லவா? வேலூரில் நவஜீவ நிலையம் என்று ஓர் இடம் அமைத்து, மர பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்தார். வீணாகப் போனது என்று நினைத்த அந்தத் தச்சு வருஷங்கள் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டன.

ஒரு விஷயம் சொல்லாமல் விட மனமில்லை. தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுகிறது என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு காயமாகக் கணக்கு எடுத்தார். வலி தெரியாததால்தான் காயம், சதைக்கு வேறு குறை இல்லை என்று கண்டுபிடித்தார். சுத்தியலின் கைப்பிடி உராய்ந்தது, சூடான பாத்திரத்தைப் பிடித்தது என்று எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்தது. ஆனால் இராத்திரி நன்றாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்ததற்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை. கண்விழித்துக் காவலிருந்து பார்த்தார்கள். எலி. தூங்குகிறவர் விரலை எலி கடிக்கிறது, வலி இல்லாததால் அவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள். விசுவாசத்தின் கிரியை என்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே, சில நேரம் அது பூனைக்குட்டி உருவத்தில் இருக்கும்.

மேரி வர்கீஸ் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் மாட்டேன் என்றவர் அல்லர், முழு மனதோடு போகிறேன் என்றவர். கேரளத்திலிருந்து வந்து வேலூரில் படித்த இளம் டாக்டர். 1954இல் ஒரு சாலை விபத்து, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. டாக்டர் என்ற அடையாளம் ஒரே நாளில் கையை விட்டுப் போனது. என்னை ஏன் பிழைக்க வைத்தீர்கள் என்ற இடத்தில்தான் யாரும் போய் நிற்பார்கள். பிராண்ட் சொன்னது எளிமையானது: கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்யத் தொடங்கினார். எனக்கு இனி என்ன இருக்கிறது என்று கிடந்த நோயாளிகள், டாக்டரம்மா நாற்காலியில் உருண்டு வருவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்களாம். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து அந்தத் துறையையே வேலூரில் கட்டினார். 1972இல் பத்மஸ்ரீ.

இங்கே ஒருவர் கையைத் தூக்கப் பார்க்கிறார், தெரிகிறது. "ஐயா, கிரியையினால் இரட்சிப்பு இல்லையே, கிருபையினால்தானே?" நியாயமான கேள்வி. அந்த உவமையைத் திரும்பப் படியுங்கள். மாட்டேன் என்று சொன்ன நிமிடத்திலும் அவன் மகன்தான். தோட்டத்துக்குப் போகாதவனும் மகன்தான். மகன் என்பது வேலை செய்து வாங்கிய கூலி அல்ல. ஆனால் எப்படிப்பட்ட மகன் என்பது வீட்டில் உட்கார்ந்திருக்கும்வரை அப்பாவுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. தோட்டத்தில்தான் தெரியும்.

இனி என் கதை. நான் இளைய மகன். 'போகிறேன் ஐயா' என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். சபைக் கமிட்டி, பாடகர் குழு, கன்வென்ஷன் வரவேற்பு, எல்லாவற்றிலும் என் பேர் இருக்கும். ஒருநாள் சாயங்காலம் பாட்டு ஒத்திகைக்குக் கிளம்பும்போது, எதிர்வீட்டுத் தம்பி வந்தான். அம்மா பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார்கள், எனக்கு நைட் ஷிஃப்ட், இன்றைக்கு ஓர் இரவு மட்டும் பக்கத்தில் இருக்க முடியுமா சார் என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கண்டிப்பாக ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன் தம்பி." நாம் தப்பித்துக்கொள்ள வைத்திருக்கும் வாக்கியங்களில் இதைவிட நல்லது ஒன்று தமிழில் கிடையாது. அவனும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனான். தெருமுனை ஆட்டோக்காரர் ஒருவர் அந்த இரவு முழுவதும் அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கோயிலுக்கு வருகிறவர் அல்லர். அன்றைக்கு நாங்கள் பழகிய பாட்டு எது என்று எனக்கு இப்போது ஞாபகமில்லை.

அந்தம்மா பிழைத்துக்கொண்டார்கள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. கொஞ்ச நாள் கழித்து, அந்த ஆட்டோக்காரரிடமே போய், துணைக்கு ஆளில்லாமல் யாராவது வார்டில் இருந்தால் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, கஞ்சி காய்ச்சத் தெரியுமா?" என்றார். தெரியாது. என் மனைவிக்குத் தெரியும், அப்படியே கற்றுக்கொண்டேன்.

நேரமாகிவிட்டது, கூட்டம் முடிந்ததும் டீ குடிக்க நான் நிற்க முடியாது, தப்பாக நினைக்காதீர்கள். ஆண்கள் வார்டில் ஒரு பெரியவர் மூன்று வாரமாக இருக்கிறார். எட்டு மணிக்கு மேல் போனால் திட்டுவார். கஞ்சியில் உப்பு குறைந்தாலும் திட்டுவார். என் பேரை நாலு தடவை சொல்லிவிட்டேன், அவருக்கு மனதில் நிற்பதில்லை. நான் எந்தச் சபை, என்ன வேலை பார்த்தேன் என்று எதுவும் அவர் கேட்டதில்லை. நான் வாசலில் தலையைக் காட்டியதும் பக்கத்துக் கட்டிலைத் தட்டி, "இந்தா, கஞ்சிக்காரர் வந்துட்டார்" என்பார்.