பியெல்சா ஏன் ஆள் அனுப்பினார்? ரசிகர்கள் சொல்லும் காரணங்களும் நான் நம்பும் காரணமும்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரு பழைய விவகாரத்தைப் பேசப் போகிறேன். 2019 ஜனவரியில் இங்கிலாந்தில் நடந்தது. லீட்ஸ் யுனைடெட் கோச் மார்செலோ பியெல்சா, எதிரணியான டெர்பி கவுண்டியின் பயிற்சியை வேவு பார்க்க ஆள் அனுப்பி மாட்டிக்கொண்ட கதை. பத்திரிகைகள் 'ஸ்பைகேட்' என்று பெயர் வைத்தன. என்ன நடந்தது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை, அவரே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார். ஏன் செய்தார் என்பதில்தான் ஃபுட்பால் ரசிகர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். எனக்கும் இதில் ஒரு கருத்து இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

முதலில் சம்பவம். ஜனவரி 10, வியாழக்கிழமை. டெர்பி அணி மூர் ஃபார்ம் மைதானத்தில் பயிற்சி செய்துகொண்டிருக்கிறது. மறுநாள் இரவு லீட்ஸுடன் மேட்ச். வேலிக்கு வெளியே ஒருவர் நின்று பார்ப்பதைக் கவனித்து போலீஸைக் கூப்பிடுகிறார்கள். விசாரித்தால், அவர் லீட்ஸின் பயிற்சிக் குழுவில் இருக்கும் இளைஞர். கைது எதுவும் இல்லை, விசாரித்து அனுப்பிவிட்டார்கள். பியெல்சா டெர்பி கோச் ஃபிராங்க் லாம்பார்டுக்கு ஃபோன் போட்டு, நான்தான் அனுப்பினேன் என்று சொன்னார். மேட்சுக்கு முன்னால் டிவியிலும் அதையே சொன்னார். 2002 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் அர்ஜென்டினாவுக்குக் கோச்சாக இருந்த காலத்திலிருந்து இதைச் செய்து வருகிறேன், கிளப்பிடம் அனுமதி கேட்கவில்லை, பொறுப்பு முழுக்க என்னுடையது என்றார். மறுநாள் தங்கள் சொந்த மைதானமான எலண்ட் ரோட்டில் லீட்ஸ் 2-0 என்று ஜெயித்தது. கீமர் ரூஃப் ஒன்று, ஜாக் ஹாரிசன் ஒன்று.

லாம்பார்ட் கொதித்துப்போனார். ஆட்களைத் தவழ்ந்து போய் வேவு பார்க்க வைத்துத்தான் கோச்சாக இருக்க வேண்டும் என்றால் எனக்கு அந்த வேலையே வேண்டாம் என்கிற அளவுக்குப் பேசினார். அந்தக் கோபம் நியாயமானது. மேட்சுக்கு முந்தைய நாள் பயிற்சியில்தான் யார் ஆடுவார்கள், யாருக்குக் காயம், கார்னர் கிக்கை எப்படி எடுக்கப் போகிறார்கள் என்பதெல்லாம் வெளிப்படும். அந்த நேரம் பார்த்து வேலிக்கு வெளியே எதிரணி ஆள் நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

சரி, ரசிகர்கள் சொல்லும் காரணங்களுக்கு வருவோம். அதிகம் பேர் சொல்வது, 'ஜெயிப்பதற்காக ஏமாற்றினார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது' என்பது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்போது லீட்ஸ், பிரீமியர் லீக்குக்கு அடுத்த கட்டமான சாம்பியன்ஷிப் லீக் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. ஆகஸ்ட் மாதம் டெர்பியின் சொந்த மைதானத்துக்கே போய் 4-1 என்று அடித்துவிட்டு வந்த அணி. அப்படிப்பட்ட அணிக்கு வேலி இடுக்கு வழியாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ரகசியம் எதுவும் பெரிதாக இருந்திருக்காது.

இரண்டாவது கதை கொஞ்சம் சினிமாத்தனமானது. வேண்டுமென்றே மாட்டிக்கொண்டார், டெர்பியின் மனதைக் கலைக்க இது ஒரு நாடகம் என்பார்கள். டெர்பி தோற்றதால் இந்தக் கதைக்குக் கால் முளைத்துவிட்டது. ஆனால் சில நாட்கள் கழித்து பியெல்சா சொன்னதைக் கவனியுங்கள். அந்த சீசனில் அதுவரை மோதிய எல்லா அணிகளின் பயிற்சியையும் பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறேன் என்றார். மாட்டிக்கொள்வதுதான் திட்டம் என்றால் இத்தனை அணிகளுக்கு ஏன் சத்தமில்லாமல் அனுப்ப வேண்டும்?

அந்தப் பேட்டிக்குத்தான் வருகிறேன். எனக்கு இந்த விவகாரத்தின் மையமே அதுதான்.

ஜனவரி 16. லீட்ஸின் பயிற்சி மைதானம் இருக்கும் தார்ப் ஆர்ச்சுக்கு நிருபர்களை அவசரமாகக் கூப்பிடுகிறார்கள். ராஜினாமா செய்யப் போகிறார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அவருடைய வரலாறு அப்படி. 2015-ல் சீசனின் முதல் மேட்ச் முடிந்த கையோடு மார்சே அணியை விட்டுப் போனவர். 2016-ல் லாட்சியோவில் சேர்ந்து இரண்டே நாளில் விலகியவர். ஆனால் அன்றைக்கு அவர் ராஜினாமா செய்யவில்லை. ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பாடம் நடத்தினார். டெர்பி எந்தெந்த அமைப்பில் ஆடுகிறது, எந்த ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார் என்று பக்கம் பக்கமாகக் காட்டினார். எனக்கு ஆங்கிலம் பேச வராமல் இருக்கலாம், ஆனால் இந்த லீக்கில் இருக்கும் 24 அணிகளைப் பற்றியும் என்னால் பேச முடியும் என்றார்.

இங்கே பிறந்ததுதான் மூன்றாவது கதை. 'இது திமிர். நான் எவ்வளவு பெரிய ஆள் என்று லாம்பார்டுக்குக் காட்ட நடத்திய ஷோ.' டெர்பி ரசிகர்கள் இதைச் சொல்லும்போது என்னால் முழுசாக மறுக்க முடியவில்லை. முதல் முறையாக ஒரு அணிக்குத் தலைமைக் கோச்சாக வந்திருந்த லாம்பார்டின் அணியை ஊரே பார்க்கத் திரையில் போட்டு அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினால், அது அவமானமாகத்தான் இருக்கும். பியெல்சாவின் நோக்கம் அதுவல்ல என்றே நான் நினைக்கிறேன். லீக்கின் விசாரணையைச் சுலபமாக்கத்தான் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் பட்டவர்களுக்கு அப்படித் தெரிந்திருக்காது.

இப்போது அந்தப் பேட்டியில் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் பட்ட ஒரு விஷயம். டெர்பியின் முந்தைய சீசன், அதாவது 2017-18, அதில் அவர்கள் ஆடிய 51 மேட்சுகளையும் எங்கள் குழு பார்த்தது என்றார். ஒரு மேட்சை அலசுவதற்கு நான்கு மணி நேரம். கணக்குப் போட்டால் 204 மணி நேரம். ஆனால் அந்த சீசனில் டெர்பியின் கோச் லாம்பார்டே இல்லை, கேரி ரோவெட். அவர் போய் லாம்பார்ட் வந்த பிறகு ஆட்ட முறையே வேறு. அப்படியும் விடாமல் 51 மேட்சையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். லாபக் கணக்குப் போடும் ஒரு மனிதர் இதைச் செய்யவே மாட்டார், நேரத்தை மிச்சம் பிடிப்பார்.

அப்படியானால் எதற்கு? அவரே பதில் சொல்லிவிட்டார். ஆள் அனுப்பிப் பார்ப்பதால் பயன் ஒன்றும் இல்லை, தேவையான தகவல் எல்லாம் அதற்கு முன்பே என் கையில் இருக்கும், ஆனால் பார்த்தால் என் பதற்றம் குறைகிறது என்றார். போதுமான அளவு உழைக்காவிட்டால் குற்ற உணர்வு வந்துவிடும் என்றார். ஒரு பழைய சம்பவத்தையும் சொன்னார். 2012-ல் ஸ்பெயினின் கோபா டெல் ரே இறுதிப் போட்டி. அவர் அப்போது அத்லெடிக் பில்பாவோ கோச். கார்டியோலாவின் பார்சிலோனாவிடம் 3-0 என்று தோற்றார்கள். பார்சிலோனாவைப் பற்றித் தான் தயாரித்திருந்த ஆய்வை மேட்சுக்கு அப்புறம் கார்டியோலாவுக்கே பரிசாகக் கொடுத்தாராம். என் அணியைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கிறது என்றாராம் கார்டியோலா. அதனால் என்ன பயன், மூன்று கோல் வாங்கினோமே என்று பியெல்சா அந்தப் பேட்டியில் சொன்னார்.

எல்லாப் பாடத்தையும் படித்து முடித்த மாணவன், தேர்வு அறை வாசலில் நின்றுகொண்டு கடைசி நிமிடத்திலும் புத்தகத்தைப் புரட்டுவான் இல்லையா? அதுதான் இங்கே நடந்தது என்று நான் நம்புகிறேன். பேராசை காரணமில்லை, சூழ்ச்சியும் காரணமில்லை. எதையோ விட்டுவிட்டோமோ என்கிற பயம்.

ஆனால் நண்பர்களே, இங்கேதான் லீட்ஸ் ரசிகர்களோடு நான் முரண்படுகிறேன். 'பாவம், பயத்தில் செய்தார், மன்னித்துவிடுங்கள்' என்று அவர்கள் இந்தப் பதிலைக் கேடயமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பயம் அவருடையது, சரி. அந்தப் பயத்தைத் தணிக்க வேலிக்கு வெளியே போய் நின்றது யார்? போலீஸுக்குப் பதில் சொன்னது யார்? ஒரு இளைஞர். பெரிய கோச் சொன்னால் மறுக்க முடியாத இடத்தில் இருந்தவர். பியெல்சாவின் மனதைப் பற்றி இத்தனை ஆண்டுகளாகப் பேசும் நாம் அந்த இளைஞரைப் பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறோம்? பியெல்சாவின் மேல் எனக்கு உண்மையான வருத்தம் என்றால் இந்த ஒரு விஷயத்தில்தான்.

அதே சமயம், பழியை அவர் அந்த இளைஞர் மேல் தள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 11 கிளப்புகள் சேர்ந்து லீக்கிடம் முழு விசாரணை கேட்டன. கிளப்புகள் ஒன்றோடொன்று முழு நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்கிற விதியின் கீழ், பிப்ரவரி 18 அன்று லீட்ஸுக்கு 2 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது லீக். அபராதம் கிளப்புக்குத்தான். பியெல்சா அதைத் தன் கைக்காசிலிருந்து கட்டினார்.

இதை 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு வைத்துப் பாருங்கள். கனடா பெண்கள் அணியின் ஊழியர் ஒருவர், செயிண்ட் எத்தியேனில் நியூசிலாந்து அணியின் பயிற்சிக்கு மேலே டிரோன் பறக்கவிட்டுப் பிடிபட்டார். முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டது அந்த ஊழியரும் ஓர் உதவிக் கோச்சும். தலைமைக் கோச் பெவ் பிரீஸ்ட்மேன் ஆரம்பத்தில் ஒரு மேட்சிலிருந்து மட்டும் ஒதுங்கிக்கொண்டார். பிறகு ஃபிஃபா மூன்று பேருக்கும் ஓராண்டு தடை விதித்து, கனடாவுக்கு ஆறு புள்ளிகளையும் குறைத்தது. வேவு பார்க்க மாட்டேன் என்று மனசாட்சி காரணமாக மறுத்த ஓர் ஊழியரை என்ன செய்வது என்று பிரீஸ்ட்மேன் ஆலோசனை கேட்டு எழுதிய மின்னஞ்சல், மேல்முறையீட்டு ஆவணங்களில் வெளிவந்தது. அதைப் படித்தபோது எனக்கு டெர்பி வேலி ஓரம் நின்ற இளைஞர்தான் நினைவுக்கு வந்தார். மறுக்கவும் ஒருவருக்கு இடம் இருந்திருக்க வேண்டும்.

பியெல்சாவின் மனதைப் புரிந்துகொள்ள இன்னொரு மேட்சையும் பார்க்க வேண்டும். அதே சீசன், ஏப்ரல் 28, ஆஸ்டன் வில்லாவுடன். வில்லா வீரர் ஒருவர் அடிபட்டுக் கீழே கிடக்கிறார். லீட்ஸ் ஆட்டத்தை நிறுத்தாமல் கொண்டுபோய், கிளிச் கோல் போட்டுவிடுகிறார். கைகலப்பு ஆகிறது. பியெல்சா கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறார்: விடுங்கள், அவர்கள் கோல் போடட்டும். வில்லாவின் அடோமா பந்தைக் கொண்டுபோய் வலையில் போட்டார். லீட்ஸின் யான்சன் மட்டும் தடுக்கப் பார்த்தார். மேட்ச் 1-1. நேரடியாக பிரீமியர் லீக்குக்கு முன்னேறும் வாய்ப்பு அதோடு முடிந்தது. உண்மையில் அந்த வாய்ப்பு அதற்கு முன்பே கணக்களவில்தான் உயிரோடு இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் கோலைத் திருப்பிக் கொடுப்பது என்பது அந்த நொடியில், கொதிக்கும் மைதானத்தில் எடுத்த முடிவு. எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்கிற மனிதருக்கு அந்த நொடியில் அது தோன்றாது. அதற்காக ஃபிஃபாவின் நேர்மை விருதும் கிடைத்தது. ஒரே சீசனில் அபராதமும் நேர்மை விருதும்! இரண்டும் ஒரே மனிதரின் வேலைதான் என்று எனக்குப் படுகிறது. அவரைப் பொறுத்தவரை மைதானத்துக்குள் நடப்பதற்கு ஒரு புனிதம் உண்டு. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பது, எழுதப்பட்ட விதி எதுவும் தடுக்காத வெறும் தயாரிப்பு. அந்தக் கோட்டை அவர் தவறான இடத்தில் போட்டார் என்பது என் கருத்து.

அப்புறம் மே மாதம். நேரடியாக முன்னேறாத அணிகள் மீதமுள்ள ஓர் இடத்துக்காக மோதும் பிளே ஆஃப், அதன் அரையிறுதியில் மறுபடியும் டெர்பி. முதல் ஆட்டத்தை லீட்ஸ் 1-0 என்று ஜெயித்தது. எலண்ட் ரோட்டில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் டெர்பி 4-2 என்று அடித்து, மொத்தக் கணக்கில் 4-3 என்று மேலே போய்விட்டது. லீக்கில் இரண்டு முறை, அரையிறுதியில் ஒரு முறை தோற்கடித்த அணி, 204 மணி நேரம் உட்கார்ந்து படித்த அணி. அந்த ஒரு இரவில் எதுவும் கைகொடுக்கவில்லை. பார்ப்பதால் பயன் இல்லை என்று ஜனவரியில் அவர் சொன்னதை அன்றைக்காவது நம்பியிருப்பார்கள்.

தண்டனையோடு சேர்த்து லீக் ஒரு புது விதியும் கொண்டுவந்தது. மேட்சுக்கு முந்தைய 72 மணி நேரத்தில் எதிரணியின் பயிற்சியை, அவர்கள் அழைக்காமல் பார்க்கக் கூடாது. நல்ல விதி. பயத்தில் பார்த்தாயா பேராசையில் பார்த்தாயா என்று அது கேட்பதில்லை, பார்த்தாயா என்று மட்டும் கேட்கிறது. அந்த வேலி ஓரத்துக்குப் போகச் சொன்னால் இனி ஓர் இளம் ஊழியர் அந்த விதியைக் காட்டி மாட்டேன் என்று சொல்ல முடியும். 2019-ல் எனக்குப் பிடித்த விளைவு அதுதான்.

அடுத்த வீடியோவில் கனடா டிரோன் விவகாரத்தைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அதில் கோச்சைவிட நிர்வாகத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. பார்க்கலாம், வணக்கம்.