திருவாதிரை முதலில் விழும்

வணக்கம் நேயர்களே. மார்கழித் திருவாதிரைக்குச் செங்கோட்டையில் களியும் தாளகமும். ஆரியங்காவு தாண்டினால் திருவாதிரைப் புழுக்கு. பண்டம்தான் வேறு, நட்சத்திரம் ஒன்றே. இருட்டியதும் கிழக்கே சிவப்பாகத் தெரியுமே, அதுதான். சூரியனைப்போல் பத்து மடங்குக்கும் மேல் நிறை. ஒருநாள் அது வெடிக்கும் என்கிறார்கள். பாதிதான் சரி. முதலில் தனக்குள்ளேயே விழும், பிறகுதான் வெடிக்கும்.

நட்சத்திரத்தின் எடையைத் தாங்குவது உள்ளே அணுக்கருக்கள் இணைந்து எரியும் அடுப்பு. சூரியனைப்போல் 25 மடங்கு நிறையுள்ள ஒன்றுக்குக் கணக்குச் சொல்கிறேன். ஹைட்ரஜன் சுமார் 70 லட்சம் ஆண்டு எரியும். ஹீலியம் 7 லட்சம். கார்பன் 600 ஆண்டு. நியான் ஓராண்டு. ஆக்சிஜன் ஆறு மாதம். சிலிக்கான்? ஒரே நாள்! ஆமாம், ஒரே நாள். மிஞ்சுவது இரும்பு. இரும்பை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது, செலவுதான். சாம்பலை எத்தனை ஊதினாலும் எரியுமா?

அந்த இரும்பு சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு சேர்ந்ததும் தாங்காது. பூமி அளவுள்ள நடுப்பகுதி ஒரு விநாடிக்குள் சில பத்து கிலோமீட்டராகச் சுருங்கும். அணுக்கருவின் அடர்த்திக்கு இறுகியதும் இனி இடமில்லை, முட்டித் திரும்பும். அதிலிருந்து ஓர் அதிர்ச்சி அலை கிளம்பும்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைப்போம். முடியாது. மேலிருந்து கொட்டும் இரும்பை உடைத்து உடைத்தே அலை களைத்து, நூறு இருநூறு கிலோமீட்டரில் நின்றுவிடும்! அதை மறுபடி வெளியே தள்ளுவது நியூட்ரினோ, எதையும் எளிதில் ஊடுருவிப் போகும் நுண்துகள். வெளியேறும் ஆற்றலில் 99 சதவீதம் அதுதான். சிறு பங்கு அலைக்குக் கீழே சிக்கினால் போதும். சிக்காவிட்டால் வெடிப்பே இல்லை, கருந்துளைதான்.

இது வெறும் கணக்கல்ல. 1987 பிப்ரவரி 23. நம் பால்வெளிக்குப் பக்கத்துச் சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில், சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவில் ஒன்று வெடித்தது. நம் பக்கத்திலிருந்து பார்த்தால் தெற்கு அடிவானத்துக்கு மேல், கையை நீட்டிப் பிடித்த முஷ்டி உயரத்தைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான் ஏறும் இடம். ஜப்பானில் கமியோகா சுரங்கத்துத் தண்ணீர்த்தொட்டியில் சுமார் 13 விநாடிக்குள் 11 நியூட்ரினோக்கள் பதிவாயின. புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கக் கட்டிய தொட்டி அது! வெளிச்சம் வந்ததோ சில மணி நேரம் கழித்து. அலை மேல்தோல்வரை ஏறிவர வேண்டுமே. வெடித்தது நீல நட்சத்திரம், உடல் சிறிது. திருவாதிரை மாதிரிப் பெருத்த சிவப்பில் ஏறக்குறைய ஒரு நாள் ஆகலாம்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். வெடித்தபின் நடுவில் மிஞ்சும் நியூட்ரான் நட்சத்திரத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. திருவாதிரையால் ஆபத்தா? இல்லை, 500 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. 2019 கடைசியில் மங்கியது பெரும்பாலும் அதுவே கக்கிய தூசியால். வெடித்தால் பகலிலும் தெரியும். எப்போது? நாளையும் ஆகலாம், ஒரு லட்சம் ஆண்டும் ஆகலாம். வணக்கம்.