ஆர்ட் பிளேக்கி: பின்னால இருந்து தூக்கி விட்ட கை

எல்லாருக்கும் வணக்கம். தவிலைப் பற்றித்தான் கதைப்பன் எண்டு வந்திருப்பியள், ஆனா நான் 1919ல அமெரிக்காவில பிட்ஸ்பர்க்கில பிறந்த ஆர்ட் பிளேக்கி எண்ட ஜாஸ் ட்ரம்ஸ்காரரைப் பற்றிக் கதைக்கப் போறன், கொஞ்சம் பொறுமையாக் கேளுங்கோ.

90களில இங்க யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாத காலம். சைக்கிளைக் கவிட்டு வச்சு அண்ணா பெடலைக் கையால சுத்த, டைனமோவில ரேடியோ பாடும். அப்பிடி ஒரு இரவு சோட்வேவில அவற்ற ட்ரம்ஸைக் கேட்டன். ட்ரம்பெட் ஊதுற பெடியன் களைச்சுப் போற மாதிரி ஒரு இடம், உடன பின்னால ஸ்னேர் ட்ரம்மில ரெண்டு குச்சியையும் அழுத்தி உருட்டத் தொடங்குறார், தூரத்து மழை கிட்ட வந்து ஓட்டில விழுற மாதிரி ஏறி ஏறி வந்து, பெடியன் திரும்ப எழும்பினதும் டக்கெண்டு அடங்குது. அண்ணா கை உளைஞ்சும் சுத்துறதை நிப்பாட்டேல்ல.

அதுக்குப் பேர் பிரஸ் ரோல் எண்டு பிறகுதான் தெரிஞ்சது. ஆனா அந்தக் கையை எனக்கு முதலே தெரியும். இணுவிலில எனக்குத் தவில் பழக்கின ஐயா, திருவிழாவில எனக்குத் தாளக் கணக்குத் தடுமாறினால் தன்ர தவிலில ஒரு சொல்லைப் போட்டுக் கண்ணால காட்டுவார், நான் பிடிச்சிடுவன், சனத்துக்கு ஒண்டும் தெரியாது.

பிளேக்கி ஜாஸ் மெசஞ்சர்ஸ் எண்ட குழுவை 30 வருசத்துக்கு மேல நடத்தினவர். ட்ரம்பெட் ஊதின லீ மோர்கன் வரேக்க 20 வயசு, இன்னொரு ட்ரம்பெட்காரர் விண்டன் மார்சாலிஸ் 1980ல வரேக்க 18. வந்த பெடியளை நீங்களே மெட்டுக் கட்டுங்கோ எண்டு விட்டவர், சாக்ஸபோன் ஊதின வெய்ன் ஷோர்ட்டர் அங்க எழுதினதுகளை இண்டைக்கும் வாசிக்கினம். வளந்தாப் பிறகு பிடிச்சு வைக்கேல்ல, போய்த் தனியக் குழு தொடங்கு எண்டு அனுப்பினவர். இது லேசான விசயமில்லப் பாருங்கோ, எங்கட பக்கத்திலயே கெட்டிக்காரச் சீடனைப் பெரிய கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போகத் தயங்கின ஆக்களைப் பாத்திருக்கிறன், நினைச்சா இப்பவும் மனம் நோகுது.

கடைசிக் காலத்தில அவருக்குக் காது சரியாக் கேளாது. அப்பவும் சின்னப் பெடியளோடதான் வாசிச்சவர். 1990ல போயிட்டார்.

சவுண்ட் தம்பி, பிளேக்கியின்ர குழு 1958ம் ஆண்டு வாசிச்ச மோனின் எண்ட மெட்டைப் போடுங்கோ. முதல்ல பியானோ வரும், பிறகு லீ மோர்கன் ஊதுவார். அவர் ஊதேக்க எல்லாரும் பின்னால இருக்கிற ட்ரம்ஸை மட்டும் கேளுங்கோ.